மாமனாரைத் தடுக்க ஒரு விமானம்

விருந்தாளிகள் படுக்கும் முன்னறையில் ஒரு மனிதர் கால் நீட்டிப் படுக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று கட்டட வரைவாளர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டே முடிவெடுத்தார். வாயில் நுரையோடு எடுத்த முடிவு. ஆனாலும் உறுதியான முடிவு.

காரணம், அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அவர் மனைவி சமையலறையிலிருந்து சொன்னது.

"அப்பா ரிட்டயர் ஆயிட்டார். தனியா என்ன பண்ணுவார், பாவம். ஒரு பத்து நாள் இங்க வந்து இருக்கட்டுமே."

மாமனார் முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓட்டுவதை நிறுத்தியும் ஓட்டம் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தொண்டையைக் கனைப்பார்; அந்தக் கனைப்பில் தெருவே ஸ்டார்ட் ஆகும். போன தடவை வந்தபோது வரைவாளரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, கியரை மாத்துங்க... மாப்ள, முன்னாடி சைக்கிள்... மாப்ள, இப்படித் திரும்பினா ஆக்ஸில் என்னத்துக்கு ஆகும்?" என்று கடைத்தெரு வரைக்கும் அவரை உயிரோடு வறுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். அந்தத் தைரியம் இருந்தால் வரைவாளருக்கு இந்தக் கதை எதற்கு? அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் அவளிடம் "எனக்கு அவசரம்மா" என்பார்கள். முந்நூறு பேரையும் பேசாமல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். முந்நூற்றோராவது ஆள் வரைவாளர்.

அதனால் அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, பதமாக ஆரம்பித்தார்.

"தாராளமா வரட்டும். ஆனா முன்னறையில நான் ஒரு வேலை ஆரம்பிக்கப் போறேனே."

"என்ன வேலை?"

அது அவருக்கே தெரியவில்லை. போன வாரம் ஆபீசில் யாரோ போனில் காட்டிய வீடியோ ஒன்று நல்ல வேளையாக ஞாபகம் வந்தது.

"ஏரோப்ளேன்."

"என்னது?"

"ஃபோம் ஷீட்ல செய்யறது. பேட்டரியில ஓடும். கீழ நின்னு ரிமோட்ல ஓட்டலாம். சின்னதுதான்."

"எவ்வளவு சின்னது?"

"இறக்கை மட்டும் நாலரை அடி."

"அது சின்னதா?"

"ஏரோப்ளேன்ல அது சின்னது."

வெடிக்கப் போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளோ, "நல்ல விஷயம்தானே, செய்ங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவர் அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார்.

அன்று சாயங்காலமே முன்னறை நிரம்பியது. ஃபோம் ஷீட், மோட்டார், காற்றாடி, பேட்டரி, ரிமோட், வாலையும் இறக்கை மடிப்பையும் அசைக்கிற குட்டி மோட்டார்கள், ஒயர், கத்தி. கட்டில் சுவரோரம் செங்குத்தாக நின்றது. ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் முழு அளவில் வரைபடத்தை விரித்தார். ஒரு பூனை படுக்க வேண்டுமென்றால்கூட வாலை மடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் இறக்கையை உடனே ஒட்டும் பசை போட்டு ஒட்டினார். ஐந்து நிமிஷத்தில் இறக்கையில் குழி விழுந்தது. பத்து நிமிஷத்தில் குழி ஓட்டையானது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எலி கடிச்சிடுச்சா?"

"பசை. ஃபோமைத் தின்னுடுச்சு."

"ஒட்டறதுக்குத்தானே பசை?"

"எல்லாத்தையும் ஒட்டும். இதை மட்டும் தின்னும்."

"பசைன்னு கேட்டு வாங்கினீங்களா, பசின்னு கேட்டு வாங்கினீங்களா?"

ரோஷம் வந்துவிட்டது. பெரிய கட்டடங்களுக்கெல்லாம் கோடு போடுகிற கை அது. சூடாக உருகி வருகிற பசைத் துப்பாக்கி ஒன்றை வாங்கி, ஆபீசுக்கு இரண்டு நாள் லீவும் போட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமை இறக்கை தயாரானபோது அதை இரண்டு விரலில் ஏந்திப் பார்த்தார். தராசு மாதிரி நின்றது. எதற்காக இதை ஆரம்பித்தோம் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமனார். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் படுக்கை.

"எங்க மாப்ள அது?"

"எது மாமா?"

"ப்ளேன்! திங்கக்கிழமையே போன் பண்ணிட்டாளே. 'உங்க மாப்பிள்ளை ப்ளேன் செய்யறார், வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்தா தேவலைன்னு தவிக்கிறார், உங்களைக் கூப்பிடக் கூச்சப்படறார்'னு சொன்னா. நமக்குள்ள என்ன மாப்ள கூச்சம்?"

வரைவாளர் மனைவியைப் பார்த்தார். அவள் அப்பாவின் பெட்டியை வாங்குவதில் மும்முரமாக இருந்தாள். நாலு நாளாகத் தயார் செய்து வைத்திருந்த வசனத்தை அவர் எடுத்து விட்டார்.

"அதில்லை மாமா, முன்னறையில படுக்க இடம் இல்லையேன்னுதான்..."

"அதுக்கென்ன?" என்றாள் மனைவி. "அப்பா நம்ம ரூம் கட்டில்ல படுத்துக்கட்டும். நான் ஹால் சோபாவில படுத்துக்கறேன். நீங்க ப்ளேன் பக்கத்துலயே இருங்க. உங்களுக்கும் வேலைக்கு வசதி."

ஆக, அந்த அறையில் ஒரு மனிதர் கால் நீட்டிப் படுக்க முடியாது என்பதை வரைவாளர் சொந்த முழங்காலாலேயே தெரிந்துகொண்டார்.

ஒரே ஒரு ஆறுதல். "பத்தே நாள்தான் மாப்ள. அடுத்த ஞாயித்துக்கிழமை காலை வண்டிக்கு ரிடர்ன் டிக்கெட் இருக்கு" என்று மாமனார் வந்ததுமே சொல்லிவிட்டார். வரைவாளர் நாட்களை எண்ணத் தொடங்கினார். மாமனார் விமானத்தைச் சுற்றி வந்து சந்தேகம் கேட்கத் தொடங்கினார்.

"பிரேக் எங்க மாப்ள?"

"ப்ளேன் பறக்கறப்போ பிரேக் கிடையாது மாமா."

"ஹாரன்?"

"அதுவும் கிடையாது."

"பிரேக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. இதை எப்படி மாப்ள வெளிய எடுக்கறது? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.யே குடுக்க மாட்டானே!"

திங்கட்கிழமை காலையில் தெருக்கோடி மைதானத்துக்கு எடுத்துப் போனார்கள். மாமனார் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். ஜிவ்வென்று ஏறியது. வரைவாளருக்கு நெஞ்சு நிறைந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நேராகப் போகிற வரைக்கும் எல்லாம் அழகு. திரும்பி அவரை நோக்கி வரும்போதுதான் வினை. போகும்போது இருந்த இடதும் வலதும் வரும்போது இடம் மாறிவிட்டன. இவர் இடது பக்கம் தள்ள, அது எதிர்ப் பக்கம் சாய, பதறிப்போய் இன்னும் இடதில் தள்ள, விமானம் நேராகப் போய்க் கால்பந்துக் கம்பத்தில் மோதியது.

"கோல்!" என்றார் நடைப்பயிற்சிக்காரர் ஒருவர்.

ஒட்டினார். செவ்வாய்க்கிழமை ஒரு மரம். ஒட்டினார். புதன்கிழமை, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. மூக்கு உடைந்த விமானத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"விமானம் பண்றேன்னுதானே ஆரம்பிச்சீங்க? ஏன் அவமானம் பண்ணிட்டு வர்றீங்க?"

வியாழக்கிழமை மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாப்ள, நான் ஒரு ட்ரிப் அடிக்கட்டுமா?"

உடையட்டும், பழியாவது கை மாறும் என்று வரைவாளர் ரிமோட்டைக் கொடுத்தார். விமானம் ஏறியது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. திரும்பியது. நேராக இவர்களைப் பார்த்து வந்தது. வரைவாளர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அது இன்னொரு சுற்றில் இருந்தது. மூன்று சுற்று முடித்து, ஸ்டாப்பிங்கில் நிற்கிற பஸ் மாதிரி மாமனாரின் செருப்புக்கு முன்னால் வந்து நின்றது. நடைப்பயிற்சிக்காரர்கள் கை தட்டினார்கள். பேப்பர் கிழிபட்டவரும்.

"எப்படி மாமா?"

"முப்பத்துநாலு வருஷம் கண்ணாடியைப் பார்த்தே வண்டியை ரிவர்ஸ் எடுத்தவன் மாப்ள. இடது எது, வலது எதுன்னு கை பார்த்துக்கும். நான் யோசிக்கிறதே இல்லை."

வரைவாளருக்கு எரிச்சல் ஒரு பக்கம். தன் கையால் செய்தது இப்படிப் பறக்கிறதே என்கிற பூரிப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து கைப்பையை வைத்தாள்.

"உங்க சீஃப் இன்ஜினியர் இன்னைக்கு பிரஷர் பார்க்க வந்திருந்தார். மாசாமாசம் வர்றவர்தானே."

"நீ ஒண்ணும் பேசலையே?"

"டோக்கன் நாற்பத்திரண்டு. பாவம், ரொம்ப நேரம் உட்காரணும். எங்க வீட்டுக்காரர் ப்ளேன் செஞ்சு பறக்க விடறார்னு சொன்னேன். அசந்துட்டார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்கு வர்றேன்னிருக்கார்."

"அய்யய்யோ!"

"தலைமை வரைவாளர் போஸ்ட் காலியா இருக்காமே? அதுக்கு ரெண்டு பேரை வச்சு யோசிச்சிட்டிருக்காராம். அதுல ஒருத்தர் நீங்களாம்."

அந்தப் பதவிக்காக வரைவாளர் ஆறு வருஷமாகக் காத்திருக்கிறார். உடனே அவருக்கு இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விமானம் பறந்தாக வேண்டும். அதைப் பறக்க வைக்கத் தெரிந்த ஒரே மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஏறுகிறார்.

சனிக்கிழமை காலையில் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் முயன்று பார்த்தார். மறுபடியும் கம்பம். இந்தத் தடவை கோல் என்று சொல்லக்கூட யாரும் இல்லை.

"நீ கொஞ்சம் அப்பாகிட்ட சொல்லேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"உங்க விஷயம். நீங்களே கேளுங்க."

மாமனார் பெட்டியில் வேட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே."

"வேணாம் மாப்ள. விருந்தாளின்னா வந்தோமா போனோமான்னு இருக்கணும்."

"யார் மாமா அப்படிச் சொன்னது?"

"நீங்கதான். போன தடவை நான் வந்திருந்தப்போ போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தீங்க."

"அது... அது வேற ஒருத்தரைப் பத்தி மாமா."

"அப்படியா? நாலு மணிக்கு எழுந்து கனைக்கிறார்னும் சொன்னீங்களே."

வரைவாளர் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் இருங்க மாமா. நீங்க கனைச்சாதான் எனக்கு விடிஞ்ச மாதிரியே இருக்கு."

மாமனார் இன்னொரு வேட்டியை எடுத்தார்.

"ஒரு மாசம்!"

கதவோரம் நின்றிருந்த மனைவி சொன்னாள்: "அவர் மனசுல இருக்கறதை முழுசாச் சொல்ல மாட்டேங்கறார்ப்பா. நீங்க மூணு மாசமாவது கூட இருந்தாதான் இதைப் பழகிக்க முடியும்னு நேத்துகூடச் சொன்னார். சொன்னீங்கதானே?"

சொல்லவே இல்லை. வரைவாளர் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூக்கில்லாத விமானம் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"சொன்னேன்" என்றார்.

"இவ்வளவு தூரம் கேக்கறீங்க..." மாமனார் வேட்டியைத் திரும்ப வெளியே எடுத்தார். மனம் மாறிவிடப் போகிறாரே என்று வரைவாளர் பறந்தார்.

"அந்த டிக்கெட்டைக் குடுங்க மாமா, நானே போய் கேன்சல் பண்ணிட்டு வந்துடறேன்."

மாமனார் சட்டைப் பையைத் தொட்டார். மகளைப் பார்த்தார். மகள் உத்தரத்தைப் பார்த்தாள்.

"எடுத்தாத்தானே மாப்ள கேன்சல் பண்றதுக்கு?" என்றார் மாமனார் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீஃப் இன்ஜினியர் தன் மனைவியோடு வந்தார். வரைவாளர் மூக்கை ஒட்டி, வர்ணமும் அடித்து வைத்திருந்தார். மாமனார் துவைத்த சட்டையில் ரிமோட்டோடு நின்றார். எட்டுப் போட்டார். தாழப் பறந்து எல்லார் தலைமுடியையும் கலைத்தார். கடைசியில் காற்று மாறியதால் மைதானத்தின் அந்தக் கோடியில் இறக்கினார். வரைவாளர் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

சீஃப் இன்ஜினியர் விமானத்தை வாங்கி, ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார். எத்தனை தடவை உடைந்தது என்று கேட்டார். நாலு என்றார் வரைவாளர், பொய் சொல்ல மூச்சு இல்லாததால்.

"நாலு தடவை உடைஞ்சும் அளவு மாறலை. இந்தக் கைதான்யா எனக்கு வேணும்! அந்த போஸ்ட் உங்களுக்குத்தான்."

ஆறு வருஷத் தவம். வரைவாளருக்குத் தரையில் கால் பாவவில்லை. இரண்டு வாரத்தில் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோனது. கடைசியில் எல்லாம் தன் திட்டத்தால்தான் நடந்தது என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் சீஃப் இன்ஜினியர். "மாசத்துல இருபது நாள் வெளியூர் சைட்டுலதான் இருக்கணும். வீட்டுல இவங்க தனியா இருக்கணுமேன்னுதான் எனக்குத் தயக்கமா இருந்தது."

வரைவாளர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி பதில் சொன்னாள்.

"அதைப் பத்திக் கவலையே வேணாம் சார். போன மாசம் நீங்க பிரஷர் பார்க்க வந்தப்போ இந்த வெளியூர் விஷயத்தைச் சொன்னீங்களே, அன்னைக்கே அப்பாகிட்ட பேசி முடிச்சுட்டேன்."