குரங்கு தேர்ந்தெடுத்த லேப்டாப்

எனக்கு முடிவெடுக்க வராது. பிள்ளைக்குப் பால் மாவு வாங்கப் போனால் இரண்டு டின்களின் பின்புறத்தையும் ஒரு வரி விடாமல் படித்து, ஒன்றை வாங்கி வீட்டுக்கு வந்தபிறகு, படிக்காமல் விட்ட மூன்றாவது டின்தான் நல்லதோ என்று கவலைப்படுகிற ஆள் நான். வாழ்க்கையில் வேகமாகத் தலையாட்டியது குணாவைக் கல்யாணம் செய்துகொள்ளத்தான். (அதுவும் அவருடைய அம்மா எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால்.)

இப்படிப்பட்டவளிடம் அலுவலகம் ஒரு கேள்வி கேட்டது. பழைய லேப்டாப்பையே வைத்துக்கொள்கிறீர்களா, எடை குறைந்த புது மாடலுக்கு மாறுகிறீர்களா? யோசிக்க ஒரு மாதம் அவகாசம். மாறிவிட்டால் பழையது திரும்பக் கிடைக்காது.

அந்தக் கடைசி வரிதான் என்னைப் படுத்தியது.

வேலை புஞ்சாக் ஆலாமில். வீடு கோலசிலாங்கூரில். காலையில் ஒரு இடுப்பில் மூன்று வயது இனியன், மறு தோளில் அவனுடைய பை, என் சாப்பாட்டுப் பை, அதற்குமேல் லேப்டாப். ஈரப் போர்வை போட்ட கொடி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பேன். பழையது செங்கல் கனம். ஆனால் ஒருநாளும் காய்ச்சல் தலைவலி என்று படுத்ததில்லை. எதைச் செருகவும் அதில் துளை இருந்தது. புதியதோ முறுகல் தோசை மாதிரி மெல்லியது, இரண்டே துளை. இனியன் அதன்மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இணையத்தில் ஆயிரம் பேர் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். மூன்று வயதுப் பையன் உட்காருவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

மாதம் முடியும் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்து மேசைப் பிரியா ஏற்கெனவே மாறிவிட்டவள். தன்னுடையதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, ரெண்டு நாளு வச்சிருந்து பாருங்க. இதப் பத்தி இன்னொரு தடவ எங்கிட்ட கேட்டீங்கன்னா நான் வேற டிபார்ட்மெண்டுக்குப் போயிருவேன் லா."

வீட்டில் குணாவிடம் கேட்டேன். அவர் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமலே, "ரெண்டையும் தூக்கிக்கிட்டு மலை ஏறிப் பாரு. ஒன் தோளு சொல்லிரும்" என்றார்.

அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்தே யார் எதைச் சொன்னாலும் வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்கிறவள் நான். சனிக்கிழமை சாயங்காலமே நான், குணா, இனியன், மாமியார் நால்வரும் புக்கிட் மெலாவாத்தி மலையின் அடிவாரத்தில் நின்றோம். திட்டம் இதுதான்: பழையதைச் சுமந்து ஏறுவது, புதியதைச் சுமந்து இறங்குவது.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பிரியாவின் லேப்டாப்பை அதற்குரிய அழகான உறையில் கொண்டு போனால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் பறித்துக்கொண்டு போய்விடுவானே? (வழிப்பறி பற்றி வாட்ஸ்அப்பில் வரும் எல்லாக் காணொளிகளையும் நான் கடைசிவரை பார்ப்பேன்.) ஆகவே அதை ஒரு துணியில் சுற்றி, பச்சை நிறப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, சந்தையிலிருந்து வருகிற மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக மேலே ஒரு கட்டுப் பயத்தங்காயையும் நீட்டிவிட்டேன்.

"ஏம்மா நித்யா, மலைக்கு எதுக்கு காய்கறி?" என்றார் மாமியார்.

"பாதுகாப்புக்கு அத்தை."

அவர் குணாவைப் பார்த்தார். குணா வானத்தைப் பார்த்தார்.

அந்த மலையில் குரங்குகள் இருப்பது கோலசிலாங்கூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவற்றுக்குக் கொடுப்பதற்கென்றே அடிவாரத்தில் பயத்தங்காய் விற்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் மனசிலிருந்த பயம் முழுவதையும் மோட்டார் சைக்கிள்காரன் பிடித்துக்கொண்டான். குரங்குக்கு இடமில்லை.

மேலே ஏறினேன். தோள் பேசியது, நிறையவே பேசியது. உச்சியில் தகரக் கூரை போட்ட ஓய்வுக் கொட்டகையில் பழைய லேப்டாப்பின் கறுப்புப் பையை இறக்கி வைத்தேன். குணா தூக்கி வந்த பச்சைப் பையை வாங்கி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு இனியனுக்கு மூக்குத் துடைத்தேன். திரும்பினால், பெரிய நீளவால் குரங்கு ஒன்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

அது முதலில் கறுப்புப் பையின் வாரைப் பிடித்து இழுத்தது. அசையவில்லை. விட்டுவிட்டது. பச்சைப் பையைத் தூக்கியது. தூக்க முடிந்தது. தாவிக் கூரைமேல் ஏறிவிட்டது.

ஒரு மாதமாக நான் திணறிய விஷயம். இரண்டையும் தூக்கிப் பார்த்து நொடியில் முடிவு செய்துவிட்டது.

"என்னங்க! பிரியாவோடதுங்க! பிரியாவோடது!" என்று கத்தினேன். அந்தக் குரல் கடலோர ஊரான ஜெராமின் மீன்பிடிப் படகுகள்வரை கேட்டிருக்கும்.

குரங்கு அவசரப்படவில்லை. பயத்தங்காயை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றது. பிறகு துணியைப் பிரித்தது. லேப்டாப்பை வெளியே எடுத்தது. ஒரே விரலால் திறக்கலாம் என்று இணையத்தில் எல்லோரும் புகழ்ந்திருந்தார்களே, அது உண்மைதான். திறந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் குரங்கு தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, என் மேலாளரைவிடக் கவனமாகத் திரையைப் பார்த்தது.

"அம்மா! கொரங்கு மீட்டிங்ல இருக்கு!" என்று இனியன் கைதட்டினான்.

கீழே கூட்டம் கூடிவிட்டது. எல்லோர் கையிலும் கைப்பேசி. குணா ஒரு குச்சியைத் தூக்கினார்.

"கீழ போடுடா அத!" மாமியார் போட்ட அதட்டலில் குரங்கே ஒரு கணம் நிமிர்ந்தது. "ஆஞ்சநேயர்டா! சனிக்கெழம வேற! அடிச்சீனா பாவம்டா!"

"ம்மா, அது பிரியாவோட லேப்டாப்மா!"

"அது அவருக்குத் தெரியுமாடா?"

மாமியார் துப்பட்டாவைச் சரிசெய்து, கூரையைப் பார்த்துக் கைகூப்பினார். "ஐயா, சாமி, எம் மருமவ படிச்ச புள்ளதான், ஆனா வெவரம் பத்தாது. பயத்தங்காய அவதான் வச்சா. ஒங்க மேல தப்பில்ல. மன்னிச்சுக் குடுத்துருங்கய்யா." பிறகு தன் பையிலிருந்த உளுந்து வடையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

சாமி யோசித்தது. லேப்டாப்பின் மூலையைக் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. வடையைப் பார்த்தது. லேப்டாப்பைத் தள்ளிவிட்டது.

அது சாய்ந்த தகரத்தில் சர்ரென்று சறுக்கி வந்தது. நான் ஓடினேன். பள்ளியில் வலைப்பந்தாட்டத்தில் ஒரு பந்தையும் பிடிக்காதவள், இரண்டு கைகளையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். டப்பென்று கைகளில் வந்து விழுந்தது.

கனமே இல்லை. சத்தியமாகக் கனமே இல்லை. பழையதாக இருந்தால் என் மணிக்கட்டு போயிருக்கும். ஒரு மாதமாகத் தேடிய பதில் அப்போதுதான் கிடைத்தது, ஓரத்தில் இரண்டு பல் பதிந்த நிலையில்.

திங்கட்கிழமை அதைப் பிரியாவின் மேசையில் வைத்தேன். நன்றாகத்தான் இயங்கியது. அவள் மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"கா, இது என்னா, பல்லு மாதிரி இருக்கு?"

"பல்லுதான்."

"ஐயோ, இனியன் கடிச்சானா?"

ஒரு கணம், ஒரே கணம்தான், ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பெற்றவள் செய்யக்கூடாத யோசனை. உண்மையைச் சொன்னேன். பிரியா சிரித்த சிரிப்பில் கணக்குப் பிரிவிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி கா, ஒங்களுக்கு வர்ற புதுசு எனக்கு. இது ஒங்களுக்கு. டீல் ஆ?" என்றாள்.

அன்றே நான் புது மாடல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக வேகமாகத் தலையாட்டினேன். தொழில்நுட்பப் பிரிவு அண்ணனிடம் நடந்ததைச் சொல்லித்தான் மாற்றிக்கொண்டோம். அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார், புரியாமல் அல்ல.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மாமியார் அந்தப் பல் தடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அடுத்த சனிக்கிழமை, பூசை முடித்த கையோடு, அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். இன்றுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வைக்கிறார். நான் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பொட்டு வைத்த லேப்டாப்போடுதான் போகிறேன். (வெண்ணெய் சாத்த வேண்டும் என்றும் ஒருமுறை ஆசைப்பட்டார். விசைப்பலகையைக் காட்டிக் கெஞ்சி நிறுத்தினேன்.)

போன மாதம் அலுவலகத்திலிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. இதைவிட எடை குறைந்த மாடல் வந்திருக்கிறதாம். மாறுகிறீர்களா? வழக்கம்போல ஆயிரம் பேர் எழுதியதைப் படிக்க உட்கார்ந்தேன். மாமியார் பின்னால் வந்து நின்றார்.

"என்னாம்மா படிக்கிற?"

"புது மாடல் அத்தை. மாத்தலாமா வேணாமான்னு..."

"ஆஞ்சநேயர் கடிச்சுக் குடுத்தத மாத்துறதா? நல்லா கேட்டியே லா!"

சமையலறைக்குள்ளிருந்து குணா சிரித்தார். நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோருடைய லேப்டாப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. என்னுடையது மட்டும் மாறாது. ஒரு விஷயத்திலாவது இனி நான் முடிவெடுக்க வேண்டியதில்லை.