மைக் பறிப்பு நாள்

உலகத்தில் எத்தனையோ அமைப்புகள் எதற்காக இருக்கிறோம் என்றே தெரியாமல் நடந்துகொண்டிருக்கின்றன. மதுரை விளாங்குடியில் ஒரு டீக்கடை மாடியில் சீரும் சிறப்புமாக இயங்கிவரும் 'உயிர்க்குரல் எழுமலை தங்கப்பொண்ணு தலைமை ரசிகர் மன்றம்' அந்த ரகமல்ல. அதற்கு ஒரே ஒரு நோக்கம். 'நெஞ்சுக்குரல் ரெங்கம்மாள் மத்திய ரசிகர் மன்ற'த்தை எந்தக் காலத்திலும் மன்னிக்காமல் இருப்பது.

தங்கப்பொண்ணும் ரெங்கம்மாளும் ஒரு காலத்தில் திருவிழா மேடைகளை ஆண்ட பாடகிகள். ஒருவர் பாடினால் உயிர் உருகும், இன்னொருவர் பாடினால் நெஞ்சு உருகும் என்று கேசட் அட்டையிலேயே போட்டிருக்கும். உருகுவதில் எது மேல் என்பதில்தான் தகராறு. எழுமலைப் பக்கம் ஒரு பங்குனிப் பொங்கலில் இருவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள். தங்கப்பொண்ணு கண்ணை மூடி உச்சத்துக்குப் போன நேரத்தில், பக்கத்தில் நின்ற ரெங்கம்மாள் அவர் கையிலிருந்த மைக்கைப் பறித்து வீசினார். விளக்கெல்லாம் அணைந்தது. நாற்காலிகள் பறந்தன. அதில் ஒன்று தங்கப்பொண்ணு மன்றச் செயலாளர் அழகுபாண்டி எறிந்தது; அது போய் விழுந்த மூக்கு, எதிர் மன்றத் தலைவர் சிவபாண்டியுடையது.

சிவபாண்டி அப்போதுதான் அழகுபாண்டியின் தங்கச்சி மீனாவைக் கட்டியிருந்தார்.

"இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அழகுபாண்டி அன்று சொன்னார். இருபத்தாறு வருடமாக மிதிக்கவில்லை. தங்கச்சி மகள் பவதாரிணிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் பூசாரி மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். பிள்ளை கதறியதை மீனா போனில் கேட்க வைத்தாள். அழகுபாண்டி கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, மைக் பறிப்பு நாள் கறுப்புச் சின்னத்துக்குத் துணி எடுக்கப் போனார். ஆண்டுதோறும் அந்த நாளில் இவர்கள் கறுப்புச் சின்னம் அணிவதும், அவர்கள் கேசரி வழங்குவதும் வழக்கம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வேளையில், தங்கப்பொண்ணு தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிவிட்டார். பெயர், 'மறைக்க ஒண்ணுமில்ல'. வெளியிட்டவர் பழைய கேசட் கம்பெனி முதலாளியின் மகன்.

அவசரப் பொதுக்குழு கூடியது. பொருளாளர் காளை எழுந்து நின்று பதினாலாம் அத்தியாயத்தை உரக்கப் படித்தார்.

"அன்னைக்கு மைக்குல ஷாக்கு. கை அப்படியே ஒட்டிக்கிச்சு. ரெங்கம்மா ரப்பர் செருப்புப் போட்டிருந்தா. யோசிக்காம மைக்கைப் பிடுங்கி எறிஞ்சா. இல்லைன்னா இந்தப் புத்தகம் இல்ல. திரும்பி வரையில ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வந்தோம். வழியில புரோட்டா வாங்கிக் குடுத்தா. பகைன்னு கிளப்பிவிட்டது கேசட்டுக் கம்பெனி. நாங்களும் சிரிச்சுக்கிட்டுக் கம்முன்னு இருந்துட்டோம்."

அழகுபாண்டிக்குப் பயமாக இருந்தது. இது உண்மையாக இருந்தால், அந்த மூக்கை உடைத்தது வீண். தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்காதது வீண். அந்தப் பிள்ளை பூசாரி மடியில் கதறியது வீண். ஒரு மனிதன் இம்புட்டு வீணாக இருந்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே புத்தகம் பொய்.

"பொய்!" என்றார்.

"அண்ணே, அவங்களே எழுதியிருக்காங்களே" என்றார் காளை.

"எழுதட்டும்யா. அன்னைக்கு மேடையில அவங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. கண்ணைத் தொறந்து பாத்துக்கிட்டு இருந்தது யாரு? நாம. இதுல யாரு சாட்சி?"

அசைக்க முடியாத வாதம். மூன்று தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. பாடகி தங்கப்பொண்ணுவை இழிவுபடுத்திய நூலாசிரியர் தங்கப்பொண்ணுவை மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது. நூலாசிரியர் வகித்துவரும் மன்றக் கௌரவத் தலைவர் பதவி தற்காலிகமாகப் பறிக்கப்படுகிறது. காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்படும். புத்தகத்தை எரிப்பது என்றும் முடிவானதால் ஆளுக்கு இரண்டு பிரதி வாங்கினார்கள்: எரிக்க ஒன்று, எதை எரிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒன்று. பதிப்பாளர் அந்த வாரமே இரண்டாம் பதிப்புப் போட்டார்.

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் மலையாண்டி மனுவை இரண்டு முறை படித்தார்.

"பாதிக்கப்பட்டவர் பேரு?"

"எழுமலை தங்கப்பொண்ணு சார்."

"எதிரி பேரு?"

"எழுமலை தங்கப்பொண்ணு சார்."

"ரெண்டும் ஒரே ஆளா?"

"ஆளு ஒண்ணுதான் சார். தரப்பு ரெண்டு."

மலையாண்டி அனுபவசாலி. தரப்பு இரண்டு என்று ஆகிவிட்டால் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆள் எத்தனை என்பதைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. அதற்குள் ரெங்கம்மாள் மன்றத்திலிருந்து சிவபாண்டியும் வந்து, அதே மாதிரி ஒரு மனுவைக் கொடுத்தார். எங்கள் தலைவி வேண்டுமென்றேதான் வீரத்தோடு மைக்கைப் பறித்தார், அதைப் போய் முதலுதவி என்று எழுதி அவமானப்படுத்திவிட்டார்கள் என்பது அவர்கள் வருத்தம்.

பேச்சுவார்த்தைக்குப் பாடகிகள் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒரே டப்பாவிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். பார்க்கச் சகிக்காமல் இரு மன்றத்தாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மலையாண்டி தங்கப்பொண்ணுவை முதலில் பாதிக்கப்பட்டவர் நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க புண்பட்டீங்களாம்மா?" என்றார். "இல்லையே" என்றார் அவர். பிறகு எழுப்பி எதிரி நாற்காலியில் உட்கார வைத்து, "ஏம்மா அவங்களைப் புண்படுத்துனீங்க?" என்றார். ரெங்கம்மாள் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

"ஏப்பா அழகுபாண்டி, இது என் வாழ்க்கைய்யா" என்றார் தங்கப்பொண்ணு.

"நாங்க இல்லைங்கலம்மா. ஆனா உங்க வாழ்க்கை சம்பந்தமா மன்றத்துக்குன்னு ஒரு நிலைப்பாடு இருக்கு. அதை நீங்க மதிக்கணும்."

"நானும் அதைத்தான் சொல்லுறேன்" என்றார் சிவபாண்டி, எதிர் வரிசையிலிருந்து.

இருபத்தாறு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. பகை இருந்தது உண்மை என்று இருதரப்பும் மனமொப்பி ஏற்றுக்கொண்டதால் சமாதானம் ஏற்பட்டதாக எழுதி, மலையாண்டி கையெழுத்து வாங்கினார். பாடகிகளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அன்றே இரு மன்றங்களும் இணைந்து 'பகைமைப் பாதுகாப்புக் கூட்டு நடவடிக்கைக் குழு' உதயமானது. தலைவர் சிவபாண்டி, செயலாளர் அழகுபாண்டி, பொருளாளர் காளை. விதிகள் எழுதுவதற்காகத் தலைவரும் செயலாளரும் தினமும் சாயங்காலம் ஒரு புரோட்டாக் கடையில் உட்கார்ந்தார்கள். ஒரே தட்டில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டார்கள். "சால்னா ஊத்திக்கங்க மச்சான்" என்று அவர் சொல்ல, "உனக்கு ஆம்லெட் சொல்லவா மாப்ள" என்று இவர் கேட்க, இருவரும் எப்பேர்ப்பட்ட விரோதிகள் என்பதை வரிவரியாக எழுதினார்கள். அழகுபாண்டி அம்புட்டு சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஏழாவது விதியை அழகுபாண்டிதான் சொன்னார்: ஒரு தரப்பு வீட்டு விசேஷத்துக்கு மறுதரப்பு போகக் கூடாது.

சிவபாண்டியின் கை தட்டிலேயே நின்றது. "மச்சான், ஆவணியில பவதாரிணிக்குக் கல்யாணம்."

"தெரியும் மாப்ள."

"மாமன் மாலை போட்டுத்தான் மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். அதுக்கு மட்டும் ஒரு விலக்கு..."

அழகுபாண்டி ஒரு வார்த்தை 'சரி' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேனா கையில் இருந்தது. "விலக்கு வச்சா பகைக்கு மரியாதை இல்ல மாப்ள."

"அதுவுஞ் சரிதான்" என்று சிவபாண்டி தலையைக் குனிந்துகொண்டு புரோட்டாவைப் பிய்த்தார்.

கல்யாணம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஏழாவது விதியை யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்கக் குழு அழகுபாண்டியை நியமித்தது. அவர் வெள்ளை வேட்டி சட்டையில், விடிந்ததிலிருந்து வாசலில் நின்றார். முதலில் வந்தது காளை.

"எங்கய்யா போற?"

"நான் மாப்பிள்ளை வீட்டு வழியில வாரேண்ணே. விதியில அது இல்ல."

பின்னாலேயே மன்றம் மொத்தமும் மாப்பிள்ளை வீட்டு வழியில் வந்து, நேராகப் பந்திக்குப் போனது. உள்ளே தங்கப்பொண்ணுவும் ரெங்கம்மாளும் பாட ஆரம்பித்தார்கள். அழகுபாண்டிக்குக் கண் கலங்கியது. தங்கப்பொண்ணுவின் பாட்டை அவர் கேட்டே பல வருடம் ஆகியிருந்தது. மன்ற வேலை அப்படி.

முகூர்த்த நேரம் நெருங்கியது. "தாய்மாமன் எங்கப்பா?" என்று உள்ளே குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவை சரசரக்க, மாலை இல்லாத கழுத்தோடு, கல்யாணப் பெண்ணே வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னால் மீனா, தட்டில் மாலையோடு.

"மாமா" என்றாள் பவதாரிணி.

அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவர் நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, உள்ள வரலைன்னாலும் பரவால்ல. இங்கனயே போட்டுவிடுண்ணே" என்றாள் மீனா.

அழகுபாண்டியின் வலது கால் தானாக எழுந்து வாசப்படியைத் தாண்டி உள்ளே ஊன்றியது. இடது காலும் கிளம்பியிருக்கும். அதற்குள் பந்தியிலிருந்து வாயில் வடையோடு காளை செல்போனைத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்துவிட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"நேரம் போகுது, நேரம் போகுது!" என்று ஐயர் கத்தினார். பெண் மாமன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தங்கப்பொண்ணு வந்து, "இங்கிட்டுக் குடும்மா அதை" என்று மாலையை எடுத்துப் பெண் கழுத்தில் போட்டு, ஒரு கையைத் தான் பிடித்து, மறு கையை ரெங்கம்மாளைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்.

படம் சாயங்காலத்துக்குள் மதுரை முழுக்கப் பரவியது. செயலாளரே விதியை மீறி மண்டபத்துக்குள் கால் வைத்துவிட்டார் என்றது ஒரு தரப்பு. அதற்குத் தலைமை, பெண்ணைப் பெற்ற சிவபாண்டி. செயலாளராவது மீறுவதாவது, கால் தரையைத் தொடவே இல்லை, செருப்புக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது பாருங்கள் என்றது இன்னொரு தரப்பு. அதற்குத் தலைமை, படம் எடுத்த காளை. கூட்டுக் குழு உடைந்து 'வைத்தார் அணி', 'வைக்கவில்லை அணி' ஆனது. மதுரையில் ஒரு சுவரைச் சும்மா விட்டுவைப்பது யாருக்கோ செய்கிற அவமரியாதை என்பதால், மறுநாள் காலையில் இரண்டு அணியின் போஸ்டரும் எல்லாச் சுவரிலும் இருந்தன. டீக்கடைகளில், பஸ்ஸில், பூ மார்க்கெட்டில், தங்கப்பொண்ணு யார், ரெங்கம்மாள் யார் என்றே தெரியாத பிள்ளைகள்கூட ஏதாவது ஒரு அணியில் இருந்தார்கள்.

மலையாண்டி மறுபடியும் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். அழகுபாண்டி போனார்.

"சார், நடந்தது என்னன்னு நான் சொல்லிடுறேன்."

"அதெல்லாம் அப்பறம். நீங்க எந்தத் தரப்பு?"

"நான்தான் சார் அழகுபாண்டி. காலே என் காலுதான்."

"காலு உங்களது, சரி. தரப்பு சொல்லாம நாற்காலி போட முடியாதுல்ல?"

அழகுபாண்டி இரண்டு வரிசையையும் பார்த்தார். 'வைத்தார்' வரிசையில் எல்லாப் பதவிக்கும் ஆள் இருந்தது. 'வைக்கவில்லை' வரிசையில் காளை நகர்ந்து உட்கார்ந்து பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "வாங்கண்ணே. செயலாளர் போஸ்ட்டு உங்களுக்குன்னே வச்சிருக்கோம்."

அவர் போய் உட்கார்ந்தார். தன் கால் தரையில் படவில்லை என்று எழுதியிருந்த அறிக்கையில் செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

நிலையத்தை விட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. புது நம்பர்.

"மாமா, நான் பவதாரிணி. இங்க மாமியா வீட்டுல, உங்க மாமன் வரவே இல்லையேன்னு ஆளாளுக்குக் கேக்குறாக. நான் சொல்லிட்டேன் மாமா, எங்க மாமன் எனக்காக ஒரு காலை உள்ள வச்சாரு, நான் என் கண்ணால பாத்தேன்னு. வச்சீங்கள்ல மாமா?"

அழகுபாண்டி நின்றார். கட்டை விரலில் முத்திரை மை இன்னும் காயவில்லை. அந்தப் பக்கம் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

"பொதுக்குழுவுல வச்சுட்டுச் சொல்றேம்மா" என்றார்.