பதினான்கு மாப்பிள்ளைகளும் ஒரு சம்பந்தியும்

மஞ்சக்குப்பம், கடலூர்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி சிங்காரம் அவர்களுக்கு, காத்தவராயன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், மங்கலம், சிந்துஜா மூவரும் நலம். சிதம்பரத்தில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளை செம்பியனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், பத்து நாளாகத் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். கடிதம் மணி அடிக்காது, கோபம் ஆறின பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகாமல் நிற்கிறது. தங்கள் வாயால் ஒரு "சரி" வந்தால்தான் போகும். அதற்கு முன்னால், நிச்சயதார்த்தத்தன்று டிவியில் நடந்தது எப்படி நடந்தது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். பத்தாவதை மட்டும் இரண்டு தடவை படித்தவன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்தேன். எந்த வால்வையும் ஒரு தடவை திருகிவிட்டு நம்பக்கூடாது, இன்னொரு தடவை கை வைத்துப் பார்க்கணும் என்பதுதான் அங்கே நான் கற்ற மொத்தக் கல்வி. ரிட்டையர் ஆனதும் வீட்டில் எனக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று சிந்துஜா தன் பழைய லேப்டாப்பில் டிஜிகாம் என்ற சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தாள். காசு கிடையாது, இலவசம். எங்கள் மூன்று பேர் போனிலும் கிடந்த எட்டாயிரம் படத்தையும் அதில் கொட்டினாள். "அப்பா, இது மூஞ்சியக் காட்டி யாருன்னு கேக்கும். நீ பேரு மட்டும் போடு. அடுத்த தடவை அதுவே கண்டுபுடிச்சிக்கும்" என்றாள். அப்படியே கேட்டது. நானும் மரியாதையாகப் பதில் சொன்னேன். பெரியவர்களைப் பேர் சொல்லி எழுதக் கை வருமா? மாமா, சித்தப்பா, பெரியம்மா என்று போட்டேன். பதினொரு பேருக்கு மாமா என்று போட்டதும் அது குழம்பிப்போய், மீசை வைத்த யாரைப் பார்த்தாலும் "மாமாவா?" என்று கேட்க ஆரம்பித்தது. சேத்தியாத்தோப்பு பஸ் கண்டக்டரைக்கூட விடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, சிந்துஜாவுக்கு வரன் பார்த்தபோது வந்த படங்கள் வரிசையாக வந்தன. எங்கள் வீட்டிலும் தங்கள் வீட்டிலும் நடக்கிறதுதானே, தரகர் அனுப்புவார், சொந்தக்காரர் அனுப்புவார், எதையும் யாரும் அழிப்பதில்லை. முதல் பையன் முகத்தைக் காட்டி இது யார் என்று கேட்டது. நான் பேரை அடிக்கப் போனேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மங்கலம் தடுத்துவிட்டாள். "வர்றவங்கள பேரு சொல்லி எழுதாதீங்க. நாளைக்கு அவுங்களே அமைஞ்சிட்டா மரியாதையா இருக்குமா? மாப்பிள்ளைன்னு போடுங்க." நியாயமாகப் பட்டது. போட்டேன். அடுத்த பையனுக்கும் அதே நியாயம்தானே. இப்படிப் பதினான்கு பேர். பிறகு தங்கள் பையன் வந்தார், அமைந்தார், அவர் படம் ஒன்பது வந்தது. அவருக்கும் மாப்பிள்ளை என்று போட்டேன். மற்றவர்களுக்குப் போட்டதை எடுக்க மறந்தேன்.

நிச்சயத்தன்று மண்டபத்தில் பெரிய டிவி இருந்ததைப் பார்த்ததும் ஒரு ஆசை. மாப்பிள்ளை படங்களை ஓடவிட்டால் தாங்கள் சந்தோஷப்படுவீர்களே என்று லேப்டாப்பை அதில் மாட்டி, மாப்பிள்ளை என்ற பேரை அழுத்திவிட்டு, முன்வரிசையில் தங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தேன். அது தேதி வரிசையில் ஆரம்பித்தது. முதலில் நெய்வேலிப் பையன், கீழே கொட்டை எழுத்தில் மாப்பிள்ளை என்று. அடுத்தவர் யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு, அவரும் மாப்பிள்ளை. மூன்றாமவர் வந்தபோது தாங்கள் கேசரியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை பேருக்குங்க பொண்ணக் குடுக்கப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். நான் நிறுத்த ஓடினேன். நிறுத்துகிற பட்டனை ஒரு தடவை அழுத்தினேன், நின்றது. பாய்லர் பழக்கத்தில் இன்னொரு தடவை அழுத்தினேன், மறுபடி ஓடியது. பதினான்கு பேரும் வந்து முடிகிறபோது தாங்கள் வேனில் போய் உட்கார்ந்திருந்தீர்கள். போட்ட இலை அப்படியே இருந்தது. உங்கள் பையன் மட்டும் என் தோளில் கை போட்டு, "மாமா, அந்த ஒம்பதாவது ஆளு நல்லாதான இருக்காரு, அவர ஏன் விட்டீங்க?" என்றார். சிந்துஜா சிரித்த சிரிப்பில் பொட்டு கலைந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேர் சிரிப்பையும் பார்த்துத்தான் எனக்கு இதை எழுதத் தைரியம் வந்தது.

குரூப் போட்டோவில் தாங்கள் இல்லாதது மங்கலத்துக்குப் பெரிய குறை. அதற்கும் கிம்ப் என்று இன்னொரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது. தங்கள் வாட்ஸ்அப்பில் பிச்சாவரம் படகில் எடுத்த படம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து தங்களைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, சம்பந்தி அம்மா பக்கத்தில் ஒட்டினேன். இரண்டு நாள் ஆயிற்று. வலது காது கொஞ்சம் குறைந்துவிட்டது, மன்னிக்கவும். லைப் ஜாக்கெட்டை எடுக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை சட்டையிலிருந்து வெள்ளையை எடுத்துப் பூசினால் நெஞ்சில் கட்டுப் போட்ட மாதிரி ஆனது. ஆஸ்பத்திரிக் கட்டுக்கு லைப் ஜாக்கெட் தேவலாம் என்று அப்படியே விட்டுவிட்டேன். பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் தாங்கள்தான் பளிச்சென்று தெரிகிறீர்கள்.

கடைசியாக, அந்தப் பதினான்கு பேர் விஷயம். இனி அவர்கள் என் வீட்டில் இல்லை. மாப்பிள்ளை என்ற பேரைத் திறந்து, தங்கள் பையனின் ஒன்பது படத்தையும் தொட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தத் தேர்வைத் தலைகீழாக்கும் பட்டனை அழுத்தினால், தொடாத மற்றதெல்லாம் சிக்கிக்கொள்ளும். அழுத்தினேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு தடவையும் அழுத்தினேன். அந்த முகங்களை மறுபடி பார்ப்பதே தங்களுக்குச் செய்கிற குற்றம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். இனிமேல் எங்களுக்கு ஒரே மாப்பிள்ளை. இது காத்தவராயன் எழுத்தில் கொடுத்த உறுதி.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. தங்கள் கோபத்துக்கும் என் மரியாதை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ம. காத்தவராயன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் சிந்துஜா வேலையிலிருந்து வந்து லேப்டாப்பைப் பார்த்தாள். அந்தப் பட்டனை இரண்டாவது தடவை அழுத்தினால் தலைகீழானது மறுபடி நேராகிவிடுமாம். பதினான்கு பேரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். அழிந்தது தங்கள் பையன். பத்திரிகையில் போட இப்போது எங்களிடம் அவருடைய தனிப் படம் ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அதுவும் என் கையில்தான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை மங்கலம் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கிறாள். மாப்பிள்ளையை நேரிலேயே அழைத்து வாருங்கள், ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளலாம். தாங்களும் பக்கத்தில் நில்லுங்கள். இந்தத் தடவை சட்டை போதும்.