மருமகளுக்குச் சொந்தக் குரல் வழங்கப்பட்ட விவரம்

பாடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தக் குரலில்தான் பாட வேண்டும் என்று அரசு ஒரு நல்ல நாளில் முடிவு செய்தது. முடிவு செய்தால் அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். அலுவலகம் என்றால் அதில் ஓர் எழுத்தர் வேண்டும். அந்த எழுத்தர் அடியேன்தான்.

சொந்தக் குரல் சான்றளிப்புப் பிரிவு, மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. படியேறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கிக் குரல் மாறிவிடுகிறது என்பதால், வந்தவுடன் கால் மணி நேரம் உட்காரவைத்த பிறகே விசாரிக்க வேண்டும் என்று தனிச் சுற்றறிக்கை உண்டு. லிஃப்டைப் பழுது பார்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை கிடையாது. நீங்களும் எங்காவது இப்படி உட்கார்ந்திருப்பீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்குத்தான் எரிச்சல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கம் மின்விசிறியும் கிடையாது.

அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் நாட்டுப்பாட்டு பாப் என்று ஒரு காய்ச்சல் பரவியிருந்தது. கிடாரை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்று, வயலைப் பற்றிப் பாட வேண்டும். பல் டாக்டர்கள் பாடினார்கள். வங்கி மேலாளர்கள் பாடினார்கள். எங்கள் துணைப் பதிவாளரின் மைத்துனர் ஏர் கண்டிஷனர் விற்கிறவர். அவர் வெயிலில் உழுகிறவனின் வேர்வையைப் பற்றி உருகி உருகி ஒரு பாட்டு எழுதி, ஒரே நாளில் சான்றிதழும் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலை மருமகள் படியேறி வந்தார்.

மருமகள் என்றால் உங்களுக்குத் தெரிந்த அதே மருமகள்தான். பதினோரு வருடமாக ஒரு தொலைக்காட்சித் தொடரில் மூத்த மருமகளாக நடித்து, மூன்று முறை வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, ஒரு முறை சிறைக்குப் போய், இரண்டு முறை நினைவை இழந்தவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதைக் கேட்டால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரே யோசிப்பார்.

துணைப் பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பதிவாளர் வந்தால்கூடப் பாதிதான் எழுந்திருக்கிற மனிதர்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. உங்களுக்குக் கால் மணி நேரமெல்லாம் வேண்டாம்."

"பரவாயில்ல சார், ரூல்படியே உக்கார்றேன்" என்றார் மருமகள்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். கனமான, கொஞ்சம் கரகரப்பான குரல். வார்த்தையின் கடைசியில் லேசாக உடைந்தது.

"அடடா, தொண்டை கட்டிக்கிச்சா? சளியா?"

"இல்ல சார். என் தொண்டையே இதுதான்."

"அப்ப டிவில?"

"டிவில எனக்கு வேற ஒருத்தங்க பேசுறாங்க. முதல் நாளே டைரக்டர் சொல்லிட்டார், உன் குரல் உன் முகத்துக்குப் பொருந்தலன்னு. அன்னைலேருந்து டப்பிங்தான்."

"அழுறது?"

"அழுற சத்தமும் அவங்கதான் சார். கண்ணீர் மட்டும் நான்."

துணைப் பதிவாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவர் வீட்டில் அந்த அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு பரிமாறுவார்களாம். பதினோரு வருடமாக யாரோ முன்பின் தெரியாத பெண்ணுக்காகத் தன் குடும்பம் கலங்கியிருக்கிறது என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்தார். மனம் புண்பட்டால் அவர் அதைத்தான் எடுப்பார்.

"விதி நாலு, உட்பிரிவு ரெண்டு. விண்ணப்பதாரர் பாடும் குரலானது அவருடைய ஆதாரக் குரலோடு ஒத்திருத்தல் வேண்டும். ஆதாரக் குரல்னா என்ன தெரியுமா? ஐந்து வருடத்துக்குக் குறையாமல் பொதுமக்கள் எந்தக் குரலால் ஒருவரை அறிந்திருக்கிறார்களோ, அந்தக் குரல். சொல்லுங்கம்மா, ஜனங்களுக்கு உங்க குரல்னு தெரிஞ்சது எது?"

"டிவில வர்றது."

"அப்போ அதுதான் உங்க குரல். இப்போ பேசுறீங்களே, இது யாரோடதோ."

"சார், இது என் வாயிலேருந்து வருது."

"எங்கேருந்து வருதுங்கிறதப் பத்தி விதில ஒண்ணும் இல்லம்மா."

மருமகள் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தொடரின் வசனத் தாள்கள். பின்பக்கம் முழுக்க அவர் கையெழுத்து.

"பதினோரு வருஷமா யாரோ எழுதினதுக்கு, யாரோ பேசுறதுக்கு, நான் வாயசைச்சிருக்கேன் சார். லைட்டிங் பண்ற நேரத்துல உக்காந்து உக்காந்து இந்தப் பாட்டை எழுதினேன். மெட்டும் நான்தான் போட்டேன். இது ஒண்ணை மட்டும் நானே பாடி நாலு பேர் கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க."

யார் அனுமதிக்கும் காத்திராமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடத் தொடங்கிவிட்டார். சின்ன வயதில், வேலைக்குப் போன அம்மாவுக்காகத் தெருக்குழாய் வரிசையில் இடம் பிடித்து நின்ற கதை அது.

அம்மா இடத்துக்கு வாளி நிக்குது,
வாளி இடத்துக்கு நான் நிக்கிறேன்,
என் இடத்துக்கு யாரு நிக்கிறது?
தண்ணி வர்றதுக்குள்ள சொல்லுங்க.

நான் ரப்பர் ஸ்டாம்பைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டேன். இருபத்தாறு வருட சர்வீஸில் அலுவலக நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டது அன்றைக்குத்தான். அந்தக் குரல் கடைசிச் சொல்லில் உடைந்ததே, அங்கேதான் பாட்டே இருந்தது.

துணைப் பதிவாளர் விதிப் புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார்:

"பாட்டு பிரமாதம்மா. உங்க குரல்ல பாடியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அதற்குமேல் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்து மருமகள் ஒரு வழி கேட்டார். தொடரில் பேசுகிற அம்மாவையே நேரில் அழைத்து வந்து, அது என் குரல், இவருடையது அல்ல என்று உறுதிமொழி கொடுக்கவைத்தால் போதுமா? துணைப் பதிவாளர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, போதும், மூன்று பிரதி வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் டப்பிங் அக்கா வந்தார். குள்ளமான உருவம், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் இருமல் மிட்டாய் டப்பா. ஆறு நடிகைகளுக்கும் ஒரு வாஷிங் மெஷின் விளம்பரத்துக்கும் பேசுகிறவர். மருமகளும் அவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்தது அந்த வாரம்தான். படியேறி வந்த அக்காவை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தார்.

"வணக்கங்க. இவங்களுக்கு நான்தான் பேசுறேன்."

மொத்த அலுவலகமும் எழுந்து நின்றது. பக்கத்துப் பிரிவிலிருந்து டைப்பிஸ்டுகள் ஓடி வந்தார்கள். துணைப் பதிவாளர் கைகூப்பிக்கொண்டே, "அம்மா, நீங்க ஜெயிலுக்குப் போன அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பே எரியலம்மா" என்றார்.

"நான் போகலீங்க. இவங்கதான் போனாங்க. எனக்கு அன்னைக்குச் சாயங்காலம் வாஷிங் மெஷின் வேலை இருந்துச்சு."

"என்ன தன்னடக்கம் பாத்தீங்களா!" என்று என்னிடம் சொன்னார் துணைப் பதிவாளர்.

உறுதிமொழி பதிவாயிற்று. அதன்படி மருமகளின் குரல் டப்பிங் அக்காவின் வீட்டு முகவரியில் இருப்பது ஐயம் திரிபற நிரூபணமானது. ஆகவே மருமகளிடம் குரல் இல்லை என்பதும் நிரூபணமானது. 'விண்ணப்பதாரரின் குரல்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். குரல் இல்லாதவர் பாட விண்ணப்பித்தது எப்படி என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் டைப் அடித்தேன். அதை மருமகளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில்தான், மருமகளின் பாட்டை வெளியிட ஒப்பந்தம் போட்டிருந்த இசைக் கம்பெனிக்காரர் உள்ளே புகுந்தார். அவருக்கு வெளியீட்டுத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. படப்பிடிப்புக்கு ஏழாவது மாடி ஏசி அறையில் மூன்று தட்டு சேறு வாங்கி வைத்திருந்தார், அது காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் போட வேண்டிய கிழிந்த உடையையும் கிழிசல் போதவில்லை என்று வடிவமைப்பாளரிடம் திரும்பக் கொடுத்திருந்தார்.

"எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க? அந்த அக்காவையே பாட வெச்சிருவோம். சர்டிபிகேட் கிடைச்சிரும்ல?"

"கிடைச்சிரும். அது இவங்க சொந்தக் குரல்தானே" என்றார் துணைப் பதிவாளர்.

"வேண்டாங்க" என்றார் டப்பிங் அக்கா. "இது அவங்க பாட்டு. அவங்க பாடுறதக் கேட்டேன். எனக்கு அப்படி வராது."

கம்பெனிக்காரர் மருமகள் பக்கம் திரும்பினார். "மேடம், ஒப்பந்தப்படி பாட்டு கம்பெனிக்குச் சொந்தம். நீங்க ஒத்துக்கலன்னா ஏர் கண்டிஷனர் சார் பாடுறதுக்கு ரெடியா இருக்கார்."

மருமகள் வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, "நீங்களே பாடுங்கக்கா. பதினோரு வருஷம் எனக்காக அழுதிருக்கீங்க. அவருக்கு நீங்க எவ்வளவோ மேல்" என்றார். கம்பெனிக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பாட்டு ஓடினால் ஒரே ஒரு மேடையில் ஒரு முறை அவரே பாடுவார். கம்பெனிக்காரர் தாராளமாகத் தலையாட்டினார்.

பாட்டு ஓடியது. ஓடியதா, எங்களைத் துரத்தியது. அக்காவின் தேன் குரலில் வாளியும் வரிசையும் பஸ்ஸிலும் பல் ஆஸ்பத்திரியிலும் ஒலித்தன. குழாயடியில் ஒரு நாளும் நின்றிராதவர்கள் புது வாளி வாங்கிக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைகளில் நசுங்கிய வாளி தனியாக விற்றது, நசுங்காததை விட விலை அதிகம். என் பெண்டாட்டி அந்தப் பாட்டைப் போனில் வைத்திருந்தாள். பாட்டின் மேலே எங்கள் முத்திரை பளிச்சென்று இருந்தது: 'முழுக்க முழுக்கச் சொந்தக் குரல்.'

இரண்டு மாதம் கழித்து எங்கள் துறையே மருமகளுக்கு விருது கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நகர மண்டபம், சிறந்த சொந்தக் குரலுக்கான விருது. நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டப்பிங் அக்காவுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மருமகள் விருதை வாங்கி ஓரமாக வைத்தார். ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார். மைக்கைப் பிடித்தார்.

பாடினார். அந்தக் கனமான குரல், அந்தக் கரகரப்பு, அந்த உடைப்பு.

இரண்டு வரி வரைக்கும் மண்டபம் குழம்பியது. மூன்றாவது வரியில் எங்கிருந்தோ ஒரு விசில். அப்புறம் சத்தம் பிய்த்துக்கொண்டது.

"டப்பிங்! டப்பிங்!"

"யாரோ பாடுறாங்க, இவ வாயசைக்கிறா!"

"எங்க மருமக குரல் எங்கே?"

பாவம் டப்பிங் அக்கா, பொறுக்கமாட்டாமல் கடைசி வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். "கத்தாதீங்க! அவங்கதான் பாடுறாங்க! அதுதான் அவங்க குரல்!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தினார்.

எந்தக் குரலில் கத்தினார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஆயிரம் தலை ஒரே சமயத்தில் திரும்பியது. "மருமக பின்னாடி இருக்கா!" என்று யாரோ கூவினார்கள். கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடியது. அக்காவின் உறுதிமொழியைக் கையில் வாங்கிப் பதிவு செய்தவரே துணைப் பதிவாளர்தான். அவரும் போனை எடுத்துக்கொண்டு படம் எடுக்க ஓடினார். மேடையில் நின்ற பெண் எங்கள் முதுகுகளைப் பார்த்தபடி பாட்டைக் கடைசி வரி வரை பாடி முடித்தார். எங்கள் முதுகுகள் என்றுதான் எழுதியிருக்கிறேன். நானும் திரும்பித்தான் நின்றேன்.

புதன்கிழமை விசாரணை. குற்றச்சாட்டு: அரசு மேடையில் பிறர் குரலில் பாடியது. நிரூபணமானால் தண்டனை: வாழ்நாள் முழுக்கப் பாடத் தடை. சான்றிதழ் பெறும் முன் அவர் குரலை நேரில் கேட்ட, சார்பில்லாத சாட்சி யாராவது உண்டா என்று பதிவாளர் கேட்டார். மருமகளின் முகம் மலர்ந்தது. என்னைக் காட்டினார்.

"இந்த சார் கேட்டார். அன்னைக்கு அவர் மேசை முன்னாடிதான் பாடினேன். கண்ணத் தொடச்சுக்கிட்டார், நான் பாத்தேன். சார், நீங்க சொல்லுங்க. அன்னைக்கு நான் பாடின குரல் இதே குரல்தானே? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. நீங்க சொன்னாப் போதும்."

நான் நேர்மையான எழுத்தன். பொய் சாட்சி சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தேன். நாற்காலி நினைவுக்கு வந்தது. வசனத் தாள்கள் வந்தன. என் கையில் இருந்த ஸ்டாம்பு வந்தது. அவர் வாயைத் திறந்தார், பாட்டும் வந்தது. அது என் பெண்டாட்டியின் போனில் வருகிற குரலில் வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே தேன் குரல்.

'அன்று அலுவலகத்தில் நான் கேட்டது, அனைவரும் அறிந்த அந்த இனிய குரலே' என்று எழுதி, என் கைப்பட ஒப்பமிட்டுக் கொடுத்தேன். தடை உறுதியாயிற்று. மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் அதை யாருடைய குரல் என்று குறிப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

என்னைத் திட்டுகிறீர்கள். திட்டுங்கள். ஆனால் தொடக்கத்திலேயே நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன், கனமான குரல், கரகரப்பு, கடைசியில் உடையும் என்று. அதற்குப் பிறகு இந்தக் கதை முழுக்க அவர் உங்களிடம் எத்தனையோ முறை பேசினார். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அதையெல்லாம் நீங்கள் எந்தக் குரலில் படித்தீர்கள்?