நெய் மாதமும் நெய்யில்லா மாதமும்

கோமளம் நெய் ஜாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிய அன்றே கஸ்தூரிரங்கன் விஞ்ஞானத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் நூற்று எழுபத்திரண்டு என்று வந்ததுதான் காரணம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் ஆயுளுக்குக் கணக்குப் போட்டவருக்குத் தன் ஆயுளைப் பற்றிக் கவலை வரவில்லை. பொங்கலைப் பற்றித்தான் வந்தது. நெய்யில்லாத வெண்பொங்கலை அவர் பொங்கல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சி என்பார்.

நான்காம் நாள் செல்போனில் ஒரு கட்டுரை சிக்கியது. நாலு பேர் ஒரே நெய்யைத்தான் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது, இன்னொருவருக்கு அசைந்துகூடக் கொடுப்பதில்லை. அவரவர் மரபணுவைப் பொறுத்தது என்று அதில் எழுதியிருந்தது. மூன்று முறை படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கோமளத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"நான் அந்த அசையாத ரகம், கோமளம். எங்கப்பா எண்பத்தெட்டு வயசு வரைக்கும் நெய்யில கை அலம்பினவர்."

"அப்பாவோடது பாதிதானே உங்களுக்கு வந்திருக்கும்? மீதி உங்கம்மாவோடது. அவாளுக்கு அறுபதுலயே ஹார்ட் அட்டாக் வந்துதே."

கோமளம் முப்பத்துநாலு வருஷம் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். தவளையிலிருந்து தலைமையாசிரியை வரை அவளிடம் தப்பியவர்கள் இல்லை. இருந்தாலும் கஸ்தூரிரங்கன் விடவில்லை, நிரூபித்துக் காட்டுகிறேன் என்றார். அவளும் சரி என்றாள். நாலு வாரம் நெய்யோடு சாப்பாடு, நாலு வாரம் நெய்யில்லாமல். ஒவ்வொன்றின் கடைசியிலும் ரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு தடவையும் எண் ஒன்றாகவே இருந்தால் நெய்யின்மேல் குற்றமில்லை, பீரோ சாவி ஆயுளுக்கும் அவரிடம். எண் மாறினால் அவள் போட்டதைப் பேசாமல் சாப்பிட வேண்டும். நடுவில் எட்டிப்பார்க்கக் கூடாது, இரண்டு ரிசல்ட்டையும் டாக்டர் சேர்த்தே சொல்லட்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டாள்.

அவள் இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். நெய் ஞாபகத்தில் கோட்டை விட்டார்.

நெய் மாதம் அமோகமாகப் போனது. பொங்கல் குழைந்து மினுமினுத்தது. பருப்பு சாதத்தைக் கோமளமே நெய் மணக்கப் பிசைந்து தட்டில் வைத்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இப்படியொரு உபசாரத்தை அவர் கண்டதில்லை. அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார். மூக்கில் வாசனை ஏற ஏற மனசு கரைந்தது.

இரண்டாம் மாதத்துக்குத்தான் அவர் திட்டம் வைத்திருந்தார். எண் மாறக் கூடாது என்றால் நெய்யை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதானே. காலை ஆறு மணிக்கு கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வாக்கிங் கிளம்பினார். பூங்கா வாசல் வரை யோக்கியமாக நடந்து, அங்கிருந்து சந்துக்குள் திரும்பிக் கருணாகரன் மெஸ்ஸில் உட்கார்ந்தார். பொங்கலின் நடுவில் குழி பறித்து, இன்னொரு கரண்டி நெய் விடச் சொன்னார். தினமும் இதே பூஜைதான். வீடு திரும்பி வறட்டு இட்லிக்கு முன்னால் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"பாவம், இளைச்சே போயிட்டேள்" என்றாள் கோமளம்.

ரிசல்ட் நாளன்று இருவரும் அடையாறுக்குப் போனார்கள். டாக்டர் ருக்சார் கோமளத்தின் பழைய மாணவி. இன்னமும் மிஸ் என்றுதான் கூப்பிடுவாள். கம்ப்யூட்டரைப் பார்த்து, முதல் மாதம் நூற்று இருபத்துநாலு, இரண்டாம் மாதம் நூற்று எழுபத்தாறு என்றாள்.

கஸ்தூரிரங்கன் கணக்குப் போட்டார். எண் மாறிவிட்டது, சாவி போயிற்று. அடுத்த நொடியே பளிச்சென்று உறைத்தது. நெய் மாதத்தில் அல்லவா இறங்கியிருக்கிறது.

"பாத்தியாம்மா? நெய் சாப்பிட்டா இறங்கறது, விட்டா ஏறறது. என் மரபணுவுக்கு நெய்தான் மருந்து. இதை எழுதிக் குடுத்துடு."

இப்படியொரு கேஸை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். கோமளம் கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு பேசினாள்.

"ருக்சார், மொதல் மாசம் இவருக்கு நான் நெய்யே போடலை. பொங்கலைப் பால் விட்டுக் குழைச்சேன். வாசனைக்கு மேலாக ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஆக, ரெண்டு மாசமும் ஆத்துல நெய் கிடையாது. ரெண்டாம் மாசம் மட்டும் எப்படி ஏறித்துன்னு, தினம் வாக்கிங் போன இவரைக் கேளு."

பிசைந்து போட்ட சாதமெல்லாம் கஸ்தூரிரங்கனுக்கு ஞாபகம் வந்தது. நெஞ்சு பொறுக்கவில்லை. இது பச்சை மோசடி என்று கத்த வாயெடுத்தார். கத்தினால் தன் மோசடியும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"அங்கிள், வாக்கிங் எங்க போனீங்க?" என்றாள் டாக்டர்.

அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். டாக்டரும் வற்புறுத்தவில்லை. சிலருக்கு என்ன பத்தியம் இருந்தாலும் கொழுப்பு இறங்குவதில்லை, மாத்திரைதான் கதி. அங்கிளுக்கு நெய்யை விட்டாலே இறங்குகிறது, அவர் உடம்பு அதிர்ஷ்டக்கார உடம்பு என்று பாராட்டினாள். கோமளம் எடுத்துக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில், நெய் ஆகாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை துக்கம் தாளாமல், கடைசியாக ஒரே ஒரு தடவை என்று கஸ்தூரிரங்கன் மெஸ்ஸுக்கு நடந்தார். கருணாகரன் அவர் முன்னால் இரண்டு இட்லியை வைத்தான். பொங்கல் எங்கே, நெய் எங்கே என்று கேட்டார்.

"அம்மா போன மாசமே வந்து தேதியோட சொல்லிட்டாங்க சார். ரிசல்ட் வர்ற வரைக்கும் சாருக்கு நெய்யை நல்லா ஊத்து, வந்த மறுநாளே நிறுத்திடுன்னு."