பாதிப் படகை முதலில் பார்த்தவர்

இந்தக் கோடையில் படகை எடுத்துக்கொண்டு தனியாக வடக்கே போவது என்று முடிவு செய்தேன். என் மனைவி குன்வோரிடம் சொல்லவில்லை. நல்ல முடிவுகளை நான் அவளிடம் சொல்வதில்லை.

எங்கள் விசைப்படகு ஏழு மீட்டர். இருபத்திரண்டு கோடைகளாக நான் சுக்கான் பிடிக்கிறேன். எந்தப் பக்கம் என்று அவள் சொல்கிறாள். இந்த வருடம் அவள் அக்கா போர்கில்டும் வருவதாக ஏற்பாடு. மூன்று வாரம். படகில் அறை ஒன்று, சொல்பவர்கள் இரண்டு பேர்.

எங்கள் வடநார்வேத் தீவில் ஒரு பழங்கதை உண்டு. மூழ்கிச் செத்தவன் பாதிப் படகில் துடுப்புப் போட்டு வருவான். தலை இருக்கவேண்டிய இடத்தில் கடற்பாசி. அவனைப் பார்த்தவர் குளிர்காலத்தின் முதல் வெண்பனி விழும்வரை படகில் கடலுக்குப் போகக் கூடாது. நம்புகிறோமா என்று கேட்டால் சிரிப்போம். ஆனால் பார்த்தவர் எறியும் கயிற்றை எந்தத் துறையிலும் யாரும் பிடிக்கமாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அஸ்லாக்கிடம் பாதியாக அறுத்த பழைய தோணி ஒன்று கிடந்தது. அடியில் பீப்பாய்கள் கட்டி, பாசித்தலையோடு ஒரு பொம்மையை உட்காரவைத்து, சனிக்கிழமை நீரிணையில் நிறுத்தச் சொன்னேன். குன்வோர் பார்ப்பாள். கரையில் தங்குவாள். அக்காவும் தங்குவாள்.

சனிக்கிழமை காலை அவளைச் சும்மா ஒரு சுற்று என்று அழைத்துப் போனேன். நீரிணைக்குள் நுழைந்ததும் மூடுபனி இறங்கியது. இருபுறமும் இருந்த பாறைச் சுவர்கள் இல்லாமல் போயின. பறவைச் சத்தம் ஒரே நேரத்தில் நின்றது. என்ஜினை அணைத்தேன். எங்கோ துடுப்பு நீரில் விழும் சத்தம். துடுப்புக்கு நான் ஏற்பாடு செய்யவில்லை. அஸ்லாக் சிரத்தையான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அது வந்தது. நீரோட்டத்துக்கு எதிராக, அவசரமில்லாமல். வெட்டுப்பட்ட பக்கம் திறந்தே கிடந்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை. பாசித்தலை மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது.

குன்வோர் குனிந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் போய்விடும் போலிருந்தது.

"அங்க பாரு," என்றேன்.

"எங்க?"

"அதோ. பாதிப் படகு. தெரியலையா உனக்கு?"

நான் காட்டிய திசையில் நெடுநேரம் பார்த்தாள்.

"பனிதான் தெரியுது. நீ பார்த்தியா, தோர்கில்ஸ்?"

பார்த்தவன் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வெறும் பொம்மை, அஸ்லாக் கட்டி நிறுத்தியது என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அஸ்லாக் நேத்தே வந்து சொல்லிட்டான். வேண்டாம்னுட்டேன். தோணி அவன் கொட்டகையிலதான் கிடக்கு."

அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

"நகரு," என்றாள். "சுக்கானை நான் பிடிக்கிறேன்."

வழியிலேயே படகின் வயர்லெஸ்ஸில் நான் பார்த்ததைத் துறைக்குச் சொன்னாள். நான் எறிந்த கயிறு நீரில் விழுந்தது. துறையில் நின்ற மூன்று பேரும் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். அவள் எறிந்ததை மூன்று பேரும் பிடித்தார்கள். நேரே அஸ்லாக்கின் கொட்டகைக்குப் போனேன். தோணி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

திங்கட்கிழமை அக்காவும் தங்கையும் வடக்கே புறப்பட்டார்கள். மதியம் கதவு தட்டப்பட்டது. போர்கில்டின் கணவர், என் சகலை ஓட்வார், மூன்று வாரத்துக்கான பெட்டியோடு நின்றார். அவர் மே மாதமே பார்த்துவிட்டாராம்.