தொட்டிக்குள் விரால்

காலடியில் கிடந்த பை மறுபடியும் துள்ளியது. நிஷாந்த் ஆட்டோவை ஓட்டியபடியே குதிகாலால் அதை அமுக்கிப் பார்த்தான். உள்ளே இருந்த விரால் அடங்குவதாக இல்லை.

பிடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. விடியற்காலையில் மகியங்கனைக்கு ஹயர் சவாரி போனவன், ஆட்களை இறக்கிவிட்டுப் பெரிய குளத்தைச் சும்மா எட்டிப் பார்த்தான். ஆடி வெயிலில் தண்ணீர் பாதிக்கு இறங்கி, கரைச்சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கூட்டாளி முஸ்தாக் கையாட்டிக் கூப்பிட்டான்.

“நல்ல நேரம் மச்சான். வெயில் ஏறிட்டா மீனெல்லாம் மடைப்பக்கம் ஆழத்துக்குப் போயிரும். இப்பதான் தண்ணி குளுந்து கெடக்கு. தாமரைக்குக் கிட்ட போட்டுப் பாருங்க.”

“தோட்டத்துல காப்புக் கட்டியாச்சுப்பா. ஆத்தா திருவிழா முடியிற வரைக்கும் கவுச்சி ஆகாது.”

“திங்கத்தானே ஆகாது? பிடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

நிஷாந்துக்கு அது நியாயமாகப் பட்டது. தூண்டிலை வாங்கிவிட்டான்.

இப்போது அவனுடைய தேயிலைத் தோட்டமான ஸ்பிரிங்வெளி நெருங்க நெருங்க நியாயம் கரைந்துகொண்டே வந்தது. மற்றவர்கள் கவுச்சி சாப்பிடாமல் இருந்தால் போதும். அவன் கையிலோ மஞ்சள் காப்பே கட்டியிருந்தது. மழைக்காலத்தில் ஆட்டோ பள்ளத்தில் உருண்டும் அவன் பிழைத்து வந்ததற்காக, மனைவி தனுஜா காவடி நேர்ந்திருந்தாள். மீன் விஷயம் வெளியே தெரிந்தால் பூசாரி காப்பை அறுத்துவிடுவார். தனுஜாவின் நேர்த்தி ஊர் முன்னால் பாழாய்ப் போகும். அவள் அழுவதை அவனால் பார்க்க முடியாது.

தோட்டத்துச் சந்தியில் பூசாரி வீரசிங்கமே பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் பெரிய பை. நிறுத்தாமல் போனால் மரியாதை இல்லை.

“ஏறுங்க மாமா.”

“வேணாம் மாப்ள. பூசைச் சாமான் இருக்கு. கண்டவங்க ஏறி எறங்குற வண்டியில வைக்கக் கூடாது. நடந்தே வாரேன்.”

நிஷாந்துக்குப் போன உயிர் வந்தது.

தனுஜா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். விராலைக் குளிக்கிற வாளியில் விட்டு மூடினான். திருவிழா முடியும்வரை உயிரோடு வைத்திருந்தால் அப்புறம் குழம்புதானே. சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாகக் குளிக்க வாளியைக் கேட்டாள்.

“நான் தண்ணி புடிச்சிட்டு வாரேன்” என்று வாளியோடு ஓடினான்.

“என்னாங்க அதிசயமா இருக்கு?” என்றாள் தனுஜா. கல்யாணமான நாளிலிருந்து அவன் தண்ணீர் பிடித்ததே இல்லை.

வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த பொதுச் சீமெந்துத் தொட்டியின் மூடியைத் தூக்கி, மீனை உள்ளே விட்டான். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமியின் சத்தம் லயத்தையே எழுப்பியது. “தொட்டியில மீனு ஓடுது. காப்புக் கட்டின லயத்துல எந்தப் பாவி வேல இது?”

கூட்டம் கூடிவிட்டது. “நேத்து மகியங்கனைப் பக்கம் போனது யாரு?” என்று யாரோ இழுத்தார்கள்.

நிஷாந்த் முந்திக்கொண்டான். “மூடி போட்ட தொட்டிக்குள்ள மனுசன் மீன வுடுவானா? இந்த வறட்சியில ஆத்தாதான் அனுப்பியிருக்கணும்.”

ஜெயலெட்சுமி உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கற்பூரம் வந்தது. லயத்தின் கோடி வீட்டிலிருந்து பூசாரியும் வந்தார். தொட்டிக்குள் குனிந்து பார்த்தவர் நிமிர வெகுநேரமானது. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ரெண்டு” என்றார்.

நிஷாந்த் பாய்ந்து எட்டிப் பார்த்தான். உண்மைதான். அவன் விட்ட விராலை உரசிக்கொண்டு இன்னொன்று, அதைவிடப் பெரிதாக, நீந்திக்கொண்டிருந்தது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னானே, ஆத்தா காதில் விழுந்துவிட்டதா?

“ஒருத்தரும் தொடக் கூடாது. திருவிழா முடியிற வரைக்கும் இந்தத் தொட்டியில தண்ணி மொள்ளவும் கூடாது” என்றார் பூசாரி. அவரே மூடியை இழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். லயத்துப் பெண்கள் எல்லாரும் பள்ளத்து ஊற்றுப் பீலிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. தனுஜா மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

“நம்ம காவடியப் பாக்க ஆத்தாவே வந்திருக்காங்க” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. நேரே கோயிலுக்குப் போய், தனியாக உட்கார்ந்திருந்த பூசாரியின் முன்னால் கையை நீட்டினான்.

“காப்ப அறுத்துருங்க மாமா. சின்ன மீனு நான் புடிச்சிட்டு வந்து வுட்டது. அதுக்குத்தான் ஆத்தா கோவிச்சுக்கிட்டு பெருச அனுப்பியிருக்கா.”

பூசாரி அவனை உற்றுப் பார்த்தார். காப்பைத் தொடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நெஞ்சைத் தடவியபடி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்பாடா, பெருசு என்னோடது மாப்ள. சின்னதத்தான் ஆத்தா வுட்டுட்டாளோன்னு காலையில இருந்து எனக்குச் சோறு தண்ணி எறங்கல.”